இன்விட் தரும் பணமெல்லாம் வட்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கி டெபாசிட் வட்டி இறங்கும்போதெல்லாம் வணிகப் பக்கங்களில் இன்விட் (பலரிடம் பணம் திரட்டி சாலை, மின்கம்பி போன்றவற்றில் போடும் டிரஸ்ட்), ரீட் (அதேபோல் வாடகைக் கட்டடங்களில் போடும் டிரஸ்ட்) பற்றிய கட்டுரைகள் வந்துவிடுகின்றன. ஆண்டுக்கு 10, 12 சதவீதம் கிடைக்கும், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் கண்காணிப்பு உண்டு, பங்கு போல ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம் என்று எழுதுகிறார்கள். சரி, பொய் இல்லை. ஆனால் அந்த 12 எங்கிருந்து வருகிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை, ரிட்டயர்மென்ட் பணத்தை வைத்துக்கொண்டு படிக்கிறவர் அதை எஃப்.டி. வட்டி என்றே நினைத்துக்கொள்கிறார்.

கைக்கு வரும் தொகையில் வட்டி இருக்கும், டிவிடெண்ட் இருக்கும், அப்புறம் ‘கடன் திருப்பிச் செலுத்தல்’ (நம் பணத்திலிருந்து டிரஸ்ட் தன் திட்ட நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வருவது) என்று ஒரு பகுதியும் இருக்கும். இந்தக் கடைசிப் பகுதி வருமானமே இல்லை, நாம் போட்ட முதல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு வரிக் கணக்கிலும் அதை யூனிட் வாங்கிய விலையிலிருந்து கழிக்க வேண்டும். வட்டிப் பகுதிக்கோ அவரவர் ஸ்லாப்படி வரி.

சாலை இன்விட்டில்தான் இது ரொம்பக் கடிக்கும். ஐ.ஆர்.பி. இன்விட் 2017இல் 102 ரூபாய்க்கு வெளியானபோது அதன் ஆறு சாலைகளில் எங்கள் ஓமலூர்–சேலம்–நாமக்கல் சாலையும் ஒன்று. சாலை அவர்களுடையது இல்லை, குறிப்பிட்ட காலம் வரை சுங்கம் வசூலிக்கும் உரிமைதான் அவர்களுடையது. அதே டிரஸ்ட்டின் சூரத்–தாகிசர் சாலைக்கு அந்த உரிமை 2022இல் முடிந்தே போனது, முடிந்த பிறகு விற்றுக் காசாக்க அங்கே மனையும் இல்லை, கட்டடமும் இல்லை. யூனிட் விலை பல ஆண்டுகளாக 102க்கு வெகு கீழே கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். (இடையில் கொடுத்த தொகையையும் சேர்த்துத்தான் லாப நஷ்டம் பார்க்க வேண்டும், அது வேறு.)

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் யூனிட், வருஷம் 10 ரூபாய் தருகிறது, 15 வருஷத்தில் உரிமை முடிந்து மதிப்பு பூஜ்யமாகிவிடுகிறது என்று வையுங்கள். விளம்பரத்தில் 10 சதவீதம். உண்மையான வருமானம் ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம்தான், அதுவும் வரிக்கு முன்! சுங்க வசூல் கூடினால் இது கொஞ்சம் மாறும், ஆனால் கூடும் என்பதற்கு யாரும் எழுதித் தருவதில்லை.

மின்கடத்தல் இன்விட் இதைவிடப் பரவாயில்லை. பவர்கிரிட் இன்விட்டின் ஒப்பந்தங்கள் 35 ஆண்டுகளுக்கானவை, கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று பார்க்காமல் லைன் தயாராக இருந்தாலே கட்டணம் வரும். ரீட் இன்னும் வேறு மாதிரி. போரூர் காமர்ஜோன் போன்ற ஐ.டி. கட்டடங்களின் வாடகைதான் வருமானம், கட்டடம் அப்படியே நிற்கும், வாடகையும் ஏறும். அதனால் அங்கே 6 சதவீதம் என்று பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை, சாலை இன்விட்டின் 11ஐ விட அது எனக்கு மேலாகவே படுகிறது. கட்டடத்தில் எத்தனை சதவீதம் வாடகைக்குப் போயிருக்கிறது, கடன் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இந்த டிரஸ்ட்டுகளைப் பட்டியல் போடும்போது, தரும் தொகையில் முதல் எவ்வளவு, உரிமைக்காலம் இன்னும் எத்தனை வருஷம் என்று இரண்டு விவரங்களைச் சேருங்கள். ஒவ்வொரு முறை பணம் தரும்போதும் டிரஸ்ட்டுகளே பங்குச் சந்தைக்கு எந்தப் பகுதி எவ்வளவு என்று பிரித்துத் தெரிவிக்கின்றன, உங்கள் நிருபர் எங்கும் அலைய வேண்டியதில்லை.

ஒரு வாசகர்,
நாமக்கல்