போர்த்துகல் ஒயின்களுக்கு மதிப்பெண் இடும் சுவை நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுவை நடுவர்களுக்கு,

வணக்கம். போர்த்துகல் நாட்டு ஒயின்களை வரிசையாக வைத்துச் சுவைத்து, அவற்றுள் சிலவற்றுக்குக் 'கொடுத்த காசுக்குத் தகும்' என்ற பட்டத்தை ஆண்டுதோறும் வழங்குகிறீர்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக அந்த நாட்டு ஒயின்களையே தேடி வாங்கி, சுவைத்ததையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். உங்கள் நாவின் பழக்கத்தையோ நேர்மையையோ நான் ஐயப்படவில்லை. புட்டியின் விலையைத் தெரிந்துகொண்டே சுவைக்கிறீர்கள் என்பதும், ஊற்றிய சில நிமிடங்களுக்குள் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறீர்கள் என்பதும்தான் என் குறை.

விலை நாக்கை எவ்வளவு தூரம் ஆட்டுவிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஹில்கே பிளாஸ்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஒயினை 10 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது கிடைத்த பாராட்டைவிட 90 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது கூடுதலான பாராட்டு கிடைத்தது; இன்பத்தை உணரும் மூளைப் பகுதியின் செயல்பாடும் அப்போது உயர்ந்தது. அதே ஆண்டில் ராபர்ட் ஹாட்ஜ்சன், கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டார். மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே தரத்தைச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்தான். புட்டியை மூடி மறைத்துச் சுவைத்தபோதே தீர்ப்பு இப்படித் தடுமாறுகிறது என்றால், விலையையும் கண்முன் வைத்துக்கொண்டு சுவைத்தால் என்ன ஆகும்?

போர்த்துகல் விஷயத்தில் இந்தத் தடுமாற்றம் ஒரு தனிப் போக்கில் செல்கிறது. அது மலிவான ஒயின் நாடு என்ற எண்ணம் ஊறிவிட்டதால், 6 யூரோ புட்டி சற்றே நன்றாக இருந்தாலும் வானளாவப் புகழ்கிறீர்கள். 25 யூரோ புட்டி மிக நன்றாக இருந்தாலும் 'இந்த நாட்டுக்கு இது அதிக விலை' என்று ஒதுக்குகிறீர்கள். எந்த நாட்டில் விளைந்தது என்பதை வைத்து ஒரு புட்டிக்கு விலை வரம்பு கட்டுவது நியாயமாகாது.

சென்ற குளிர்காலத்தில் நண்பர்கள் ஆறு பேர் கூடி, எட்டுப் புட்டிகளைத் தாளில் சுற்றி எண் மட்டும் எழுதிச் சுவைத்தோம். ஒவ்வொன்றையும் சுவைத்தவுடன், இதற்கு எத்தனை யூரோ கொடுப்பேன் என்று எழுதிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் உண்மை விலையைப் பார்க்கலாம். ஐந்தாம் எண்ணுக்கு நான் எழுதிய குறிப்பு இது: 'கடுந்துவர்ப்பு, கூர்மையான புளிப்பு, ஈறு இழுக்கிறது, 7 யூரோ.' மீதியைத் தக்கையிட்டு எடுத்து வைத்தேன். மறுநாள் மாலை அதையே கொழுப்போடு வாட்டிய பன்றி இறைச்சியுடன் ஊற்றிக் குடித்தபோது துவர்ப்பு அடங்கியிருந்தது. முந்தைய நாள் அதன் அடியில் மறைந்து கிடந்த புளிச்செர்ரி மணம் மேலே வந்தது. விழுங்கிய பிறகும் சுவை நெடுநேரம் வாயில் நின்றது. முந்தைய குறிப்பின் கீழே '20 யூரோ' என்று எழுதினேன். தாளைப் பிரித்தால் பைராடா வட்டாரத்துப் பாகா திராட்சை; கடையில் அதன் விலை 16 யூரோ.

பாகா தாமதமாகப் பழுக்கும் இனம். துவர்ப்பும் புளிப்பும் அதில் இயல்பாகவே மிகுதி. பால்குடி மறவாத பன்றிக்குட்டியை அடுப்பில் வாட்டி இந்த ஒயினோடு பரிமாறுவது பைராடாவின் பெயர்போன விருந்து. துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதத்தோடு சேர்வதால்தான் வாய் வறள்கிறது. தட்டில் இறைச்சியும் கொழுப்பும் இருக்கும்போது அந்த வறட்சி தணிகிறது. ஆகவே உணவில்லாத மேசையில், காலையில், நாற்பதாவது கோப்பையாக ஒரு பாகாவைச் சுவைத்துக் குறைந்த மதிப்பெண் இடுவது, அந்த ஒயினை அது உருவான இடத்திலிருந்து பிடுங்கி எடுத்து எடைபோடுவதாகும். எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றிரவு எங்களில் நால்வர் முதலிடம் கொடுத்தது, வெயில் மிகுந்த அலென்டேஜுவிலிருந்து வந்த, கனிந்த பழமணம் கொண்ட 9 யூரோ ஒயினுக்கு. மறுநாள் அதில் இனிப்பும் ஆல்கஹால் காட்டமும் மட்டுமே மிஞ்சியிருந்தன. திறந்த மாலையிலேயே குடித்து முடிப்பவருக்கு அது நல்ல வாங்கல்தான். அதை நான் மறுக்கவில்லை.

வின்யூ வெர்டே வட்டாரத்தில் நடப்பதும் வருத்தம் தருகிறது. இலேசாகக் குமிழியிடும், ஆல்கஹால் குறைந்த எளிய வெள்ளை ஒயினையும், மொன்சாவ், மெல்காசு பகுதிகளில் அல்வரீன்யூ திராட்சையிலிருந்து மட்டுமே செய்த அழுத்தமான ஒயினையும் ஒரே வகையாகக் கருதி விலையை ஒப்பிடுகிறீர்கள். இரண்டின் பெயர்ச்சீட்டிலும் ஒரே வட்டாரப் பெயர் இருப்பது அதற்குக் காரணமாகாது.

என் மனத்தை அதிகம் அரிப்பது டோரு பள்ளத்தாக்கு. 1756இல் போர்த்துகல் அமைச்சர் பொம்பால் பிரபுவின் நிர்வாகத்தில் எல்லை வகுக்கப்பட்டு, கருங்கல் தூண்கள் நடப்பட்ட வட்டாரம் அது. பலகைக்கல் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் பல இடங்களில் எந்திரம் ஏற முடியாது. கவாத்து முதல் அறுவடை வரை எல்லாம் கைவேலை. அப்படியிருந்தும் அங்கிருந்து 5 யூரோவுக்குச் சிவப்பு ஒயின் எப்படி வருகிறது? ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு சாறு, திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டும் இனிப்பான போர்ட் ஒயினாகலாம் என்று டோரு, போர்ட் ஒயின்களுக்கான அரசு நிறுவனம் அளவு நிர்ணயிக்கிறது. தோட்டத்தின் உயரம், சரிவு, மண், கொடியின் வயது ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு, அந்த அளவு விவசாயிகளிடையே பங்கிடப்படுகிறது. போர்ட்டுக்குப் போகும் திராட்சைக்கு நல்ல விலை கிடைக்கும். அதே கொடியில் மிஞ்சியது சாதாரண ஒயினுக்காகக் குறைந்த விலைக்குப் போகிறது. சாகுபடிச் செலவுகூடத் தேறுவதில்லை என்று விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். அப்படி வந்த புட்டிக்குக் 'கொடுத்த காசுக்குத் தகும்' என்று நீங்கள் எழுதும்போது, அந்தக் குறைந்த விலையில் ஒரு பகுதியைத் திராட்சை வளர்த்தவர் தாங்குகிறார் என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. சமவெளியில் எந்திர அறுவடையால் மலிவானதையும், இப்படி மலிவானதையும் ஒரே பட்டத்தால் குறிக்காதீர்கள். விலை ஏன் அந்த அளவில் நிற்கிறது என்பதை மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள்.

போர்ட் வகையில் இன்னொரு கணக்கையும் விட்டுவிடுகிறீர்கள். ஒரே அறுவடையிலிருந்து எடுத்து, மூன்றாண்டுகளுக்குள் புட்டியில் அடைத்துப் பின்னர் முதிரவிடும் வின்டேஜ் போர்ட்டைத் திறந்தால் ஓரிரு நாளில் குடித்தாக வேண்டும். மரப்பீப்பாயில் நெடுங்காலம் காற்றோடு பழகிய டானி போர்ட் திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது. சூட்டிலும் காற்றிலும் ஏற்கெனவே முதிர்ந்த மதீராத் தீவு ஒயின் மாதக்கணக்கில் நிற்கும். இவை இரவு உணவுக்குப் பின் சிறு கோப்பையில் ஒன்று என்று குடிப்பவை. 40 யூரோ மதீரா ஒன்றை நான் ஐந்து மாதம் வைத்துக் குடித்தேன். கடைசிக் கோப்பையிலும் எரித்த சர்க்கரை மணமும் சுருக்கென்ற புளிப்பும் குறையவில்லை. சிறு கோப்பைகளாகக் குடிப்பதால், ஒரு கோப்பைக்கு ஆகும் செலவைப் பார்த்தால், பாதி குடித்து மீதியைக் கொட்ட நேரும் 20 யூரோ புட்டியைவிட அது மலிவு. புட்டியின் விலையை மட்டும் பார்த்து அதை 'விலை அதிகம்' என்ற வரிசையில் தள்ளியிருக்கிறீர்கள்.

எல்லாப் புட்டிகளையும் இரண்டு நாள் சுவைக்க உங்களுக்கு நேரம் இருக்காது என்பதை உணர்கிறேன். அதனால் சிறிய அளவிலேயே கேட்கிறேன். வரும் சுற்றில் விலையை மறைத்துவிட்டு, தாம் எவ்வளவு கொடுப்பார் என்பதை ஒவ்வொரு நடுவரும் முதலில் எழுதட்டும். பைராடாவின் சிவப்பு ஒயின்களை மட்டுமாவது மறுநாள் மாலை வரை வைத்திருந்து, இறைச்சியோடு இன்னொரு முறை சுவைத்து, இரண்டு நாள் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலைப் பார்த்து ஒயின் வாங்கும் ஒருவன்