ஆறு ஒன்று, ஆய்வும் ஒன்றாக இருக்கட்டும்: ஆற்றங்கரை மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒரே ஆற்றின் கரையில் வளர்ந்துவரும் ஊர்களின் மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அடுத்த மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்குவதற்கு முன், ஆற்றுப்படுகை முழுவதற்குமான வெள்ள ஆய்வு ஒன்றுக்கு நீங்கள் அனைவரும் சேர்ந்து நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அவரவர் எல்லைக்குள் ஆய்வு செய்துகொண்டால் போதாது. மேல்புறத்து ஊரில் வயலும் புதர்க்காடும் கூரையாகவும் தார்ச்சாலையாகவும் மாறும்போது, மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டிய மழைநீர் விரைந்து ஆற்றில் சேர்ந்து கீழ்ப்புறத்து ஊரின் வாசலில் ஏறுகிறது. கீழ்ப்புறத்தில் கட்டப்படும் குறுகிய பாலமோ வெள்ளத்தைத் தேக்கி மேல்புறத்துத் தெருக்களில் நீர்மட்டத்தை உயர்த்துகிறது.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் நூறு ஆண்டுகளுக்கு வராது என்பது அதன் பொருளன்று. எந்த ஆண்டிலும் அதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு. வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் 30 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. அந்தக் கணக்கும் பழைய மழைப்பதிவையும் பழைய நிலப்பயன்பாட்டையும் வைத்துப் போட்டதாக இருந்தால், வளர்ந்துவிட்ட ஊருக்கு அது பொருந்தாது.

செலவைக் குறைக்க எண்ணும்போது பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது கள அளவீடுதான். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். வானிலிருந்து லேசர் கொண்டு அளக்கும் வழக்கமான கருவிகள் தரைமட்டத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் அவற்றின் கதிர் நீருக்குள் இறங்காது. ஆற்றின் அடிமட்டத்தைப் படகில் சென்றும், மதகுகளின் அகலத்தை நேரில் நின்றும் அளந்தே ஆக வேண்டும். வெள்ளம் வடிந்தபின் சுவரில் நிற்கும் சேற்றுக்கோடு, வெள்ளம் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்கிடும் கணினி மாதிரி சொல்லும் நீர்மட்டம் சரிதானா என்று சரிபார்க்கக் கிடைக்கும் அருமையான சான்று. ஒருமுறை சுண்ணாம்பு பூசினால் அது போய்விடும்.

செலவை மக்கள்தொகைப்படி பிரித்தால், வெள்ளத்தால் பாதிக்கப்படும் ஊரே கூடுதலாகச் செலுத்த நேரிடலாம். ஒவ்வொரு மன்றமும் புதிதாக அனுமதிக்கும் கட்டடப் பரப்பின் அளவுக்கேற்பப் பங்கு வகுப்பதே நியாயம் என்பது என் கருத்து. அளவீட்டுத் தரவுகளும் கணினி மாதிரியும் ஆய்வு நிறுவனத்திடமே தங்கிவிடாமல் மன்றங்களின் பொதுச் சொத்தாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லையேல் ஊர் வளரும்போது மாதிரியைப் புதுப்பிக்க மீண்டும் முதலிலிருந்து செலவழிக்க நேரிடும். புதுப்பிப்புக்கான தொகையையும் இப்போதே தனியாக ஒதுக்கிவையுங்கள்.

கூட்டுத் தீர்மானம் நிறைவேறச் சில மாதங்கள் ஆகலாம். நில அளவையாளர் ஒருவரை அனுப்ப அவ்வளவு காலம் வேண்டியதில்லை. எந்தப் படிவரை தண்ணீர் நின்றது என்று காட்ட எங்கள் தெருப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருவர்