செருப்பு மாட்டும் இடத்தில் சட்டம் பேசலாமா? அமெரிக்காவின் தமிழ் முஸ்லிம் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நடத்தும் சங்கங்களின், பள்ளிவாசல்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில்தான் நம் மக்களுக்குக் குடியேற்றச் சட்ட ஆலோசனை கிடைக்கிறது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய ஒருவர், அடுத்தவருக்குக் குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை நிரப்பித் தருகிறார். காசு வாங்குவதில்லை, நன்மையை நாடியே செய்கிறார். குடியேற்ற வழக்குகளில் பணிபுரியும் நாங்கள் இந்த மடலை எழுதுவது அந்த நல்ல மனிதரை முன்னிட்டுத்தான். அவர் விட்டுவிடும் ஒரு வரியால் குடியுரிமை மறுக்கப்படலாம், சில வேளை நாடுகடத்தல் வழக்கே தொடங்கலாம். அவரைத் தடுக்க வேண்டாம். முறையான பயிற்சியும் அரசு அங்கீகாரமும் வாங்கிக் கொடுங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவே. அதன் அவசியத்தைச் சொல்லத்தான் கீழே இத்தனை விவரம்.

பெயரிலிருந்து தொடங்குகிறோம், சிக்கலும் அங்கிருந்தே தொடங்குவதால். தமிழ் முஸ்லிம்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், சிலருக்குப் பாட்டனாரின் எழுத்தும் சேரும். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் முழுவதும் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று விழுந்துவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமத்தில் தகப்பனார் பெயர் ஒட்டிக்கொள்ளும், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் விட்டுப்போகும். முகமது என்ற ஒரே பெயருக்குப் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், கல்லூரிச் சான்றிதழில் வேறொன்று. வயதானவர்களுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த பிறந்த தேதி தனி. பின்னணிச் சோதனை பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் ஓடுகிறது. அப்துல், ஹமீது, முகமது என்ற பெயர்களில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். யாரோ ஒருவரைப் பற்றிய குறிப்பு உங்கள் ஜமாஅத்துக்காரரின் கோப்பில் வந்து உட்கார அதுவே போதும்.

இதற்கு வழி உண்டு. என்-400-இல் ‘பயன்படுத்திய வேறு பெயர்கள்’ என்ற பகுதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. எந்த ஆவணத்தில் எந்த எழுத்துக்கூட்டல் இருந்தாலும் அத்தனையையும் அங்கே எழுத வேண்டும். நீதிபதி முன்னிலையில் உறுதிமொழி எடுக்கும் ஏற்பாடு இருந்தால் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ளவும் அதே படிவத்தில் கேட்கலாம்.

பெயரை விடப் பெரிய கண்ணி, அமைப்புத் தொடர்பு பற்றிய கேள்விகள். நீங்கள் எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினராகவோ தொடர்புடையவராகவோ இருந்தீர்கள் என்று 2024-க்கு முந்தைய படிவம் பொதுவாகவே கேட்டது. நம் ஆட்கள் ‘இல்லை’ என்று கட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஊர்ச் சங்கம், பள்ளிவாசல் கமிட்டி, கல்லூரி நாளில் சந்தா கட்டிய மாணவர் அமைப்பு எதுவும் அவர்களுக்கு அமைப்பாகத் தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஆனால் நேர்காணலில் உறுதிமொழிக்குப் பிறகு அதே பதிலைச் சொல்லி, அதிகாரியிடம் வேறு தகவல் இருந்தால், அது பொய்ச்சாட்சியமாக எழுதப்படும். நன்னடத்தை இல்லை என்று விண்ணப்பம் தள்ளப்படும்.

குடியேற்றச் சேவை நிறுவனமான யு.எஸ்.சி.ஐ.எஸ். 2008-இல் பொது அறிவிப்பு எதுவுமின்றி ‘கார்ப்’ என்ற நடைமுறையைக் கொண்டு வந்தது. பாதுகாப்புக் கவலை என்று முத்திரை விழுந்த கோப்புகள் தனி வழியில் போகும், விண்ணப்பதாரருக்குச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கவலை தீரும்வரை சாதாரண அதிகாரி ஒப்புதல் தர முடியாது, நிராகரிக்கத் தடை இல்லை. முஸ்லிம் விண்ணப்பதாரர்களே இதில் பெரிதும் சிக்கினார்கள் என்று வாதிட்டு 2017-இல் சியாட்டிலில் ஒரு கூட்டு வழக்கு தொடரப்பட்டது. இப்படிப்பட்ட கோப்பில் ஒரு பயண தேதி தவறினாலும் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகிவிடும்.

நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு வராவிட்டால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகக் குடியேற்றச் சட்டமே வழி தருகிறது. பெரும்பாலான நீதிமன்றங்கள் முதல் நேர்காணலிலிருந்து நாளை எண்ணுகின்றன. பல கோப்புகள் வழக்குப் போட்ட பிறகுதான் அசைகின்றன. நேர்காணலுக்கே கூப்பிடவில்லை என்றால் இந்த வழி இல்லை, தாமதத்துக்கு எதிரான வேறு வழக்கு வேண்டும். நிராகரிப்பு வந்துவிட்டால் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்க 30 நாள்தான். அந்த 30 நாளும் “பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்” என்ற பேச்சிலேயே கழிந்துவிடுவதைப் பார்க்க மனம் வெதும்புகிறது. கடிதம் வந்த அன்றே வழக்கறிஞர் கையில் அது இருக்க வேண்டும்.

இலங்கையின் கிழக்கிலிருந்து வந்த சகோதரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997-இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. வயலுக்கோ கடைக்கோ புலிகளுக்குக் கப்பம் கட்டியிருந்தால், அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் அது பயங்கரவாத அமைப்புக்குச் செய்த ‘பொருளுதவி’ ஆகலாம். துப்பாக்கி முனையில் கொடுத்தேன் என்பதற்குச் சட்டத்தின் வாசகத்தில் விலக்கு இல்லை. அச்சுறுத்தலின் பேரில் கொடுத்தவர்களுக்கு அரசு தன் விருப்புரிமையில் தரும் தனி விலக்கு மட்டும் உண்டு. அதை ஆதாரத்தோடு கேட்க வேண்டும். “அதையெல்லாம் எழுதாதீங்க” என்று யாராவது அறிவுரை சொன்னால், அவர் அந்தக் குடும்பத்தின் எதிர்காலத்தோடு விளையாடுகிறார். கப்பம் என்ற சொல் காதில் விழுந்ததுமே உங்கள் தன்னார்வலர் பேனாவை மூடிவிட்டு வழக்கறிஞரை அழைக்க வேண்டும்.

அடுத்தது வாசலில் வந்து நிற்கும் எஃப்.பி.ஐ. அதிகாரிகள். இருவராக வருவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள். வந்தவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பது நம் வழக்கம். கைது செய்யாதவரை ‘மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு’ என்று அவர்கள் எச்சரிக்கத் தேவையில்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒலிப்பதிவு செய்யப்படுவதில்லை, அதிகாரி பின்னர் எழுதும் குறிப்புதான் ஆவணம். உறுதிமொழி எடுக்காவிட்டாலும், கூட்டாட்சி அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. அச்சத்தில் “அவரை எனக்குத் தெரியாது” என்று சொல்லும் ஒரு வார்த்தை, விசாரணையில் சம்பந்தமே இல்லாத ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடும். செய்ய வேண்டியது: கதவுக்கு வெளியிலேயே பேசுங்கள், முகவரி அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், “என் வழக்கறிஞர் உங்களை அழைப்பார்” என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். இதைப் பெண்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பகலில் கதவு தட்டினால் திறப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே.

உளவு சொல்ல மறுத்ததால் விமானத் தடைப் பட்டியலில் தங்களைப் போட்டார்கள் என்று சில முஸ்லிம்கள் தொடுத்த வழக்கில், அதிகாரிகளிடம் தனிப்பட்ட முறையில் இழப்பீடு கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர்களுக்காக நின்றது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் ‘கிளியர்’ திட்டம். பெரிய வெற்றிதான். ஆனால் 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரிகளுக்குரிய சட்டப் பாதுகாப்பைக் காட்டி அதே வழக்கைத் தள்ளிவிட்டது. நீதிமன்றம் தரும் நிவாரணம் இவ்வளவு தாமதமாகவும் இவ்வளவு நிச்சயமின்றியும் வருவதால்தான் முதல் நாள் உதவியை இப்படி வற்புறுத்துகிறோம். விமான நிலையத்தில் திரும்பத் திரும்ப நிறுத்தப்படுபவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘டிரிப்’ திட்டத்தில் விண்ணப்பித்து வாங்கும் எண்ணை ஒவ்வொரு டிக்கெட்டிலும் பதிய வேண்டும். பெயர் ஒற்றுமையால் வரும் தொல்லை அதில் பெரும்பாலும் குறையும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. குடியேற்ற நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வழக்கறிஞர் கேட்கும் உரிமை பொதுவாக எவருக்கும் இல்லை. கூட்டாட்சி நிதி பெறும் இலவசச் சட்ட உதவி அலுவலகங்கள் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களின் வழக்கைப் பொதுவாக எடுக்க முடியாது. இந்த இடைவெளியை நிரப்ப அமெரிக்க அரசின் நீதித்துறை நடத்தும் அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. வரிவிலக்கு பெற்ற, வசதி குறைந்தவர்களுக்கு உதவும் லாப நோக்கற்ற அமைப்பு ஈ.ஓ.ஐ.ஆர்.-31 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கூடவே குறைந்தது ஒருவருக்கு 31-ஏ படிவத்தில் தனி அங்கீகாரம் கேட்க வேண்டும். அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை, சம்பளமும் வாங்க வேண்டியதில்லை. குடியேற்றச் சட்ட அடிப்படைப் பயிற்சியும் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். பகுதி அங்கீகாரம் கிடைத்தால் யு.எஸ்.சி.ஐ.எஸ். நேர்காணலில் விண்ணப்பதாரரின் பக்கத்தில் பிரதிநிதியாக உட்காரலாம். குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்க முழு அங்கீகாரம் வேண்டும். அமைப்பின் அங்கீகாரம் பொதுவாக 6 ஆண்டு, தனிநபருடையது 3 ஆண்டு. புதுப்பிக்கும் தேதியைச் செயலாளர் குறித்துவைக்க வேண்டும்.

அதுவரை யார் படிவத்தை நிரப்பினாலும், தயாரித்தவருக்கான பகுதியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடத் தயங்குபவர் நிரப்பவும் கூடாது. எந்தப் படிவம் போடலாம் என்று முடிவு செய்து சொல்வதே சட்ட ஆலோசனைதான், அதற்கு உரிமம் வேண்டும். ஆவணங்களை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஜகாத் நிதியை இதற்கு எடுக்கலாமா என்பதை உங்கள் ஆலிம்கள் சொல்லட்டும். சதக்கா நிதி இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு இஃப்தாரை எளிமையாக்கினாலும் ஒருவரின் பயிற்சிச் செலவுக்கு வரும்.

உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கேட்கிறோம்: பயிற்சிக்கு அனுப்ப இருவரின் பெயர், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவசரத்துக்கு அழைக்கக்கூடிய ஒரு குடியேற்ற வழக்கறிஞருடனும் ஒரு குற்றவியல் வழக்கறிஞருடனும் எழுத்து மூலமான ஏற்பாடு. அவர்களின் எண்களைத் தமிழில் அச்சிட்டுச் செருப்பு மாட்டும் இடத்தில், கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுவது.

இப்படிக்கு,
குடியேற்ற வழக்குகளில் பணிபுரியும் தமிழ் வழக்கறிஞர்கள், சட்டப் பணியாளர்கள்