மனு எழுதப் போன இடத்தில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மனசில் காயம் இல்லாதவரால் எழுதவே முடியாது என்று சென்ற இதழ்க் கட்டுரையில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் கண்டது வேறு.

எங்கள் பங்கு ஆலயத்தின் மாத மடலில் பல வருஷமாகச் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எழுத்து அப்படியே நின்றுபோனது. செபித்துவிட்டு உட்காருவேன், போன மாசம் எழுதியதே வேறு வார்த்தையில் வரும். அப்போதுதான் பங்குத் தந்தை, "திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்களில் எழுதத் தெரியாதவர்கள் எத்தனை பேர்! போய் எழுதிக் கொடுங்களேன்" என்றார். சரி என்று கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன்.

முதல் நாளே பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி. மாங்கூழ் கம்பெனியில் சீசனுக்குச் சீசன் பெங்களூரா பழம் தோல் சீவிய கை, இப்போது விரல் மடங்க மாட்டேன் என்கிறது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு மனு. பாதி தெலுங்கு, பாதி தமிழில் எல்லாம் சொன்னார். கணவர் பேர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். செத்துப்போய்ப் பல வருஷம் ஆன புருஷன். ஆனாலும் பேர் சொல்ல மாட்டார். "மலை மேல இருக்கிற சாமி பேரு, தாயி." வெங்கடேசனா? இல்லை. கோவிந்தனா? இல்லை. முருகனா? அதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற நாலு பேரும் சேர்ந்து தேட ஆரம்பித்தார்கள். கடைசியில் சரியான பேர் வந்ததும் பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு புதுப்பெண் மாதிரி சிரித்தார். கைநாட்டு வைத்துவிட்டு மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி நாலு பக்கம் எழுதினேன், ஒரு அடித்தல் இல்லாமல். எனக்கு அப்படி வந்து எவ்வளவு நாளாயிற்று!

அப்புறம் பைபிளில் பிலிப்பியர் மடலை எடுத்து மறுபடி படித்தேன். புனித பவுல் (சின்னப்பர் என்றுதான் என் பாட்டி சொல்வார்) சிறையில் இருந்துகொண்டு, மகிழுங்கள் என்று அதில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மடலைப் பெற்ற பிலிப்பி ஊர்க்காரர்கள் ஒரு ஆள் மூலம் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்வதும் அதே மடலில்தான். எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன், இது உறைத்ததே இல்லை.

நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையையே பாருங்கள். 1876–78 பஞ்சத்தில் சொந்தப் பணத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றியவர். 1879-இல் அவர் வெளியிட்ட தமிழின் முதல் நாவலில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேடிக்கை! கொடுக்கிற கையும் சிரிக்கிற பேனாவும் ஒரே மனுஷரிடம் இருந்திருக்கின்றன.

துக்கத்தில் எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. யோபுவின் புலம்பலும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆனால் எழுத வரவில்லை என்று அறைக்குள் வாடும் பிள்ளைகளிடம், உனக்குக் காயம் போதவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு திங்கள்கிழமை என்னோடு வரட்டும். பேனா நான் தருகிறேன்.

பாட்டிக்குப் பணம் இன்னும் வரவில்லை. வருகிற வாரம் இரண்டாவது மனு எழுதுகிறோம். இந்தத் தடவை பேர் தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.