பியர் பதாகையில் தீபாவளி வாழ்த்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் கெடா மாநிலம், பீடோங் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு ரவிக்கைத் துணி வரத் தொடங்கும்போதே எதிர்வரிசைக் காப்பிக்கடை அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) பியர் பதாகையும் ஏறிவிடுகிறது. குத்துவிளக்கு, கோலம், நடுவில் நுரை வழியும் கிளாஸ். மேலே கொட்டை எழுத்தில் 'இனிய தீபாவளி வாழ்த்துகள்'. 21 வயதுக்கு மேற்பட்ட முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும் என்கிற வரி, அடி மூலையில் பொடி எழுத்தில்.

தமிழ்ப்பள்ளி வேன் அங்கேதான் நிற்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? எங்கள் கடைத்தெருவில் அவ்வளவு பெரிய தமிழ் எழுத்து வேறு எங்கே இருக்கிறது? அதுதான் என் மனதை அறுக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், பெருநாள் வாழ்த்துதானே, கம்பெனி ஆள் வந்து கட்டிவிட்டுப் போகிறான் என்கிறார்.

இது எந்த ஊர் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியுமா? 1947இல் ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடிய வட்டாரம் இது. பால்மரம் வெட்டிய கூலி வீடு வந்து சேர வேண்டும் என்று கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து, போலீசிடம் அடி வாங்கிய மக்கள் இங்கே இருந்தார்கள். அப்புறம் கள்ளின் இடத்தைச் சம்சு என்கிற மலிவுச் சாராயம் பிடித்தது. அது எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும்.

சரி, குடிக்கிறவர் குடிக்கட்டும், அதைத் தடுக்க நான் எழுதவில்லை. 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்று 2017 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. தொலைக்காட்சியிலும் மது விளம்பரத்துக்கு இடமில்லை. அப்படியிருக்க, ஆறேழு வயதுப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் மட்டும் இந்தப் பதாகை எப்படித் தொங்கலாம்? விளம்பரம் வேண்டுமென்றால் கடைக்குள்ளே, மேசைப் பக்கம் மாட்டிக்கொள்ளட்டும். அதிலும் விளக்கும் கோலமும் வேண்டாம்.

பதாகைக்கு அனுமதி தருகிறவர்கள் அது பள்ளிக்கும் கோயிலுக்கும் போகிற வழியா என்று நேரில் வந்து பார்க்க வேண்டும். கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தால் கடைக்காரரே இறக்கிவிடுவார் என்று நம்புகிறேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தீபாவளி மலருக்கு இப்படி ஒரு வாழ்த்து விளம்பரம் வந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

தையல் கடை நடத்தும் ஒரு தாய்,
பீடோங், கெடா