அந்தப் பழைய டிவிடி கிடைத்துவிட்டது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் "ஃபைன்பா" என்பாய், அதனால் கேட்கவில்லை. ஃபோன் போட்டால் உன் குரல் வருகிறது, ஆனால் அது மெஷின். அதில் உன் பெயரை நீயே சொல்லும் விதத்தைக் கேட்டு, நான் வைத்த பெயர்தானா இது என்று இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். சட்டென்று நம்ம படத்து டாக்டர் ஞாபகம் வந்துவிட்டது. "ஃபிராங்கன்ஸ்டைன் இல்லை, ஃபிரோங்கன்ஸ்டீன்" என்று தாத்தா பெயரையே மாற்றிச் சொல்லித் திருத்துவாரே, அவர்தான்.

போன வாரம் எல்ஐசி பத்திரம் தேடும்போது பீரோ அடித்தட்டில் அந்த டிவிடி அகப்பட்டது. சிங்கப்பூர் சித்தப்பா உனக்கு வாங்கி வந்த 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்', பிணத்துக்கு உயிர் கொடுத்துப் பூதம் செய்யும் டாக்டரை வைத்து எடுத்த அந்தச் சிரிப்புப் படம். அது தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னவன் நான்தான். தொலையவில்லை. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

பிளேயர் லென்ஸைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், ஓடியது. அம்மா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இன்னும் இந்தக் கூனனுக்கு வைத்தியம் பார்க்கலையா" என்று தூங்கப் போய்விட்டாள். இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நீயும் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

பத்தாவது படிக்கும்போது நீ எனக்கு இந்தப் படத்தை விளக்கிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்த இங்கிலீஷ் பாதிகூடப் புரியாது. 1974-ல் எல்லோரும் கலரில் எடுத்தபோது டைரக்டர் மெல் புரூக்ஸ் கறுப்பு வெள்ளைதான் வேண்டும் என்று நின்றார், முதலில் பேசிய கம்பெனி ஒத்துக்கொள்ளாததால் வேறு கம்பெனிக்குப் போனார் என்று சொன்னாய். அந்த லேபில் பொறி பறக்கும் சாமான்கள் செட் இல்லை, 1931-ல் வந்த நிஜப் பேய்ப் படத்துக்குச் செய்தவை, செய்தவரே நாற்பது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார் என்றும் சொன்னாய். எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் முப்பத்தொரு வருடம் போட்டவன் நான். எனக்கு அந்தக் கிழவர்மேல்தான் மரியாதை வந்தது. அடுத்த நாள் ஷிஃப்டில் எல்லோரிடமும் சொன்னேன், என் பையன் சொன்னான் என்று. உன்னிடம் சொல்லவில்லை.

டாக்டரின் உதவியாளன் முதுகில் கூன் இடத்துக்கு இடம் மாறுவதை இந்தத் தடவை நானே கண்டுபிடித்தேன். அந்தக் கூனனாக நடித்த மார்ட்டி ஃபெல்ட்மேன் யாரிடமும் சொல்லாமல் தினமும் அதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்து நின்றாராமே. கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் பெயரைச் சொன்னதும் குதிரை கனைப்பதற்கு இப்போதும் சிரித்தேன். தனியாகச் சிரிப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

டாக்டராக நடித்த ஜீன் வைல்டர் பிறந்தது அமெரிக்காவில் நீ இருக்கும் அதே மில்வாக்கியில்தானாம். உனக்குத் தெரிந்திருக்கும். கடைசி வருடங்களில் அவருக்கு ஞாபக மறதி நோய். அதை வெளியே சொல்லவே இல்லையாம். தன்னைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைகளின் முகம் வாடிவிடக் கூடாதே என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது இல்லையா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அங்கே இன்னும் பனி என்று செய்தியில் பார்த்தேன். இரவில் வண்டி ஓட்டாதே. தை மாதத்துக்கு அப்புறம் இரண்டு தடவைதான் வீடியோவில் வந்தாய், இரண்டு தடவையும் வண்டிக்குள்ளிருந்து பேச ஆரம்பித்து வீட்டுக்குள் போனாய். உனக்குப் பின்னால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பெயின்ட் அடிக்கிறார்கள் போலிருக்கிறது, போட்டோவைக் கழற்றி வைத்திருப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சமயபுரத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை போய் வந்தாள். மருமகளுக்கு என்று வாங்கிய சுங்குடிப் புடவை பீரோவிலேயே இருக்கிறது. அனுப்பலாமா, வேண்டாமா, எந்த அட்ரஸுக்கு என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

படத்தில் டாக்டர் பூதம் இருக்கும் அறைக்குள் போகும் இடம் வருமே. உள்ளே நான் எப்படிக் கத்தினாலும், எப்படிக் கெஞ்சினாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று கட்டளை போட்டுவிட்டுப் போவார். பூதம் உறுமியதும், திறங்கடா, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அலறுவார், கடைசியில் அம்மாவைக் கூப்பிடுவார். வெளியே மூன்று பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நிற்பார்கள். நீயும் நானும் வயிறு வலிக்கச் சிரித்த இடம். இந்தத் தடவை அங்கே நிறுத்திவிட்டேன்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று நீ கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, யாரும் வராதீர்கள் என்றாய். கணக்கில் 200-க்கு 131. அம்மா கதவைத் தட்டப் போனாள். நான்தான் தடுத்தேன், கொஞ்ச நேரம் கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று. நீ அழுதது எனக்குக் கேட்டது தம்பி. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். இத்தனை வருடமாக, நீயே வரட்டும் என்று விட்டேன், அது ஒரு கண்டிப்பு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கண்டிப்பு ஒன்றும் இல்லை. உள்ளே வந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரிதான் டிவிடியை எடுத்துப் பீரோவுக்குள் போட்டேன். பழி போட ஏதாவது வேண்டியிருந்தது.

அந்த டாக்டருக்கு ஒரு கட்டத்தில் பயம் விட்டுப்போய், பூதத்தை மடியில் சாய்த்துக்கொண்டு நல்ல பையன், நல்ல பையன் என்று தட்டிக்கொடுக்கிறார். பூதம் அழுகிறது. அப்புறம்தான் தாத்தா பெயரைச் சரியாக உச்சரித்துக் கத்துகிறார். இதை நாம் ஏன் அப்போது கவனிக்கவில்லை என்று தெரியவில்லை. குதிரைக்குச் சிரித்த களைப்பாக இருக்கும்.

டிஸ்க்கில் ஒரு கீறல். கண் தெரியாத பெரியவர், ஜீன் ஹேக்மன், சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றாமல் பூதத்தின் மடியில் ஊற்றும் இடத்தில் சிக்குகிறது. அவருக்கு வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்ட சந்தோஷம், கொதிக்கிறது என்பது தெரியவில்லை பாவம். சுருட்டுக்குப் பதில் கட்டைவிரலைக் கொளுத்திவிடுவார், பூதம் ஓடும், காபி போடலாம் என்றிருந்தேனே என்று வாசலில் நின்று கூப்பிடுவார். அம்மா இதைப் படித்தால், அது நீங்கள்தான் என்பாள்.

அந்த இடத்தைத் தாண்ட ரிமோட்டில் எந்த பட்டனை அழுத்த வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொல். நம் நேரத்துக்கு ராத்திரி ஒரு மணியானாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன். பட்டன் விஷயம் மட்டும் பேசினாலும் சரி.

அப்பா