மதியம் 12ல இருந்து 3 மணி வரைக்கும் சைட் வேலைய நிறுத்தணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கத்திரி வெயில் வந்தா, மதியம் 12ல இருந்து 3 வரைக்கும் வெளிய போகாதீங்கன்னு உங்க பேப்பர்ல போடுறீங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதே நேரத்துல மூணாவது மாடி தளத்துல கம்பி கட்டிட்டு இருக்கறவங்க எங்க போவாங்க? நான் சென்னைல சைட் சூப்பர்வைசரா வேலை பாக்குறேன். நிழல்ல உக்காருங்கன்னு நான் சொன்னாலும் அவங்க உக்கார மாட்டாங்க, ஏன்னா கம்பி வேலை டன் கணக்கு, சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கு பலகை அடிக்கறது) சதுர அடி கணக்கு, உக்காந்தா கூலி போச்சு. கொத்தனாரும் சித்தாளும் நாள் கூலி, பாதில இறங்குனா அரை நாள்தான். அதனால மோர் பந்தல், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இதெல்லாம் மட்டும் பத்தாதுங்க, அரசு உத்தரவு வேணும்.

கேரளால தொழிலாளர் துறை கோடைல இத உத்தரவாவே போடுது. வெயில்ல வேலை செய்றவங்களுக்கு 12ல இருந்து 3 வரைக்கும் ஓய்வு, காலைல 7ல இருந்து ராத்திரி 7க்குள்ள 8 மணி நேரத்த பிரிச்சுக்கணும். கத்தார்ல 2021ல இருந்து ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் காலைல 10ல இருந்து மதியம் 3.30 வரை வெயில்ல வேலையே கிடையாது, ஈரப்பதத்தையும் சேத்து கணக்கு பண்ற அளவு 32.1 டிகிரிய தாண்டிட்டா எந்த நேரமா இருந்தாலும் நிறுத்தணும். இந்த ஈரப்பதம்தான் சென்னைக்கு முக்கியம். இங்க 37, 38 டிகிரின்னாலும் கடல் காத்துல வேர்வை காயாது, காயலன்னா உடம்பு சூடு இறங்காது, ஆள் திடீர்னு தடுமாறி சாரத்துல இருந்து விழுந்தா அது வெறும் விபத்துன்னுதான் எழுதுவாங்க.

கான்கிரீட் போட்டா பாதில நிறுத்த முடியாதேன்னு பில்டர்ங்க சொல்லுவாங்க. உண்மைதான், ஆனா விடியக்காலைல ஆரம்பிக்கலாம், சாயங்காலமும் போடலாம். 40 டிகிரிக்கு மேல போனா கான்கிரீட்ட எப்படி போடணும்னு ஐ.எஸ். 7861ன்னு தனியாவே ஒரு இந்திய தர விதி இருக்கு, ஜல்லிய நிழல்ல வை, தண்ணிய குளிர வைன்னு. கலவைக்கு இருக்கற அக்கறை அத சுமக்கற ஆளுக்கும் வேணும்.

பொம்பளைங்க நிலைமை இன்னும் மோசம். சைட்ல ஒழுங்கான கக்கூஸ் இல்லாததால சித்தாள் அக்காங்க தண்ணியே குடிக்கறது இல்ல, கேட்டா "எங்க தம்பி போறது"ங்கறாங்க. தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிங்கள வச்சு ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சியாளருங்க செஞ்ச ஆய்வுல, கடும் வெயில்ல வேலை செஞ்சா கரு கலையற, குழந்தை இறந்து பொறக்கற ஆபத்து ரெண்டு மடங்கு ஆகலாம்னு தெரிஞ்சுது. வடநாட்டு பசங்க ராத்திரி தகர ஷெட்ல படுக்கறாங்க, பகல்ல ஏறுன சூடு ராத்திரியும் இறங்கறதில்ல. புதுசா வர்ற ஆளுக்கு மொதல் ஒரு வாரம் வேலைய குறைச்சுதான் குடுக்கணும், அதயும் யாரும் செய்றதில்ல.

2024ல நம்ம அரசு வெப்ப அலைய மாநில பேரிடர்னு அறிவிச்சு, வெயில்ல செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம்னு சொன்னாங்க. செத்தப்பறம் குடுக்கறத விட, நிறுத்துற 3 மணி நேரத்துக்கு கூலி குறையாம பாத்துக்கிட்டா ஆளே சாகாம இருப்பான். கட்டிட செலவுல 1 சதவீதம் கட்டுமான தொழிலாளர் நலவாரியத்துக்குன்னு வசூல் ஆகுதே, அதுல இருந்து ஒரு பங்கு இதுக்கு ஒதுக்க முடியாதா?

உங்க நிருபர் ஒருத்தர மே மாசம் மதியம் 1 மணிக்கு ஓ.எம்.ஆர். பக்கம் நாலு சைட்டுக்கு அனுப்புங்க சார், குடிதண்ணி, நிழல், கக்கூஸ் எங்க இருக்குன்னு பாத்து எழுதட்டும், தொழிலாளர் துறைகிட்டயும் இந்த உத்தரவு எப்ப வரும்னு கேட்டு பதில போடுங்க.

இப்படிக்கு,
சைட் சூப்பர்வைசர் ஒருத்தர்,
பெருங்களத்தூர்